மிதந்த ஐஸ்கட்டி

"மிஸ் தியோ, ஒரே ஒரு சந்தேகம். எங்கக்காவைத் தூக்குல போடுவாங்களா, இல்ல சாகுற வரைக்கும் உள்ள வெச்சுக் கஞ்சி ஊத்துவாங்களா?"

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரீபியன் கடலில் எங்கள் கேரியக்கூ தீவில் ரோட்டைப் பார்க்காமல் மினி பஸ் ஓட்டினால், ஒன்று ஆட்டின் மேல் ஏறும், இல்லை கடலில் இறங்கும். ஆனால் பயம் வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. அன்று காலையிலிருந்து நிற்கவே இல்லை.

நான் கனூட் பெடோ. பஸ் என்னுடையது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் தியோடோரா லெண்டோர். சுங்க இலாகாவில் இருந்தபோது, மீன்கூடையைத் தூக்கிப் பார்த்தே அடியில் எத்தனை சிகரெட் பெட்டி என்று சொல்லிவிடுவாராம். இப்போது ஊரில் யாருக்கு என்ன தொலைந்தாலும், யார்மேல் பழி விழுந்தாலும் அவரிடம்தான் போவார்கள். அவரிடம் கார் கிடையாது. நான்தான் கார், நான்தான் உதவியாளன், அவர் கணக்கில் நான்தான் தலைவலி.

இந்த முறை பழி விழுந்திருந்தது என் அக்கா இஸ்மே மேல்.

முந்தின நாள் மதியம், கிரஹாம் பெல் என்ற கனடாக்காரர் அக்காவின் ரம் கடைக்கு வந்து ஒரு பாட்டில் ஜாக் வாங்கினார். ஜாக் எங்கள் ஊர்ச் சரக்கு. வெள்ளை ரம்தான், ஆனால் தொண்டையில் இறங்கும்போது நீங்கள் செய்த பாவமெல்லாம் ஞாபகம் வரும். சாயங்காலம் விருந்தினர் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து ஒன்றரை கிளாஸ் குடித்தார். இருட்டுவதற்குள் இல்லாத பூனைகளை விரட்டத் தொடங்கினார். அப்புறம் கண் தெரியவில்லை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அலறினார். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

காலையில் கான்ஸ்டபிள் மெர்வின் அக்காவின் கடையைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டான். மாலைக் கப்பலில் அக்காவைப் பெரிய தீவான கிரெனடாவுக்குக் கொண்டுபோகிறான். கனடாக்காரர் செத்தால், அவள் திரும்பி வரமாட்டாள்.

* * *

பூட்டின கடையின் வாசல்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை. மாற்றுத் துணி எடுத்து வைத்திருக்கிறாள்.

"என்ன அக்கா, ஊருக்குக் கிளம்பிட்டியா? எனக்கு என்ன வாங்கிட்டு வருவே?"

"செருப்பு. உன் வாயிலேயே போடறதுக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மிஸ் தியோ, சத்தியமாச் சொல்றேன். அந்த மனுஷனுக்கு ஊத்தினது முன்னால இருக்குற ட்ரம்லேருந்து. நேத்து ஊரே அதுலதான் குடிச்சுது. ஒருத்தனுக்குத் தும்மல்கூட வரலை."

மெர்வின் குறுக்கே வந்தான். "உள்ள வேரும் பட்டையும் ஊறப்போட்ட பாட்டில் வரிசையா நிக்குது. அதுல எந்த இலை விழுந்துச்சோ? டாக்டர் ஏதோ செடின்னுதான் சந்தேகப்படறார். வேலியோரம் தலைகீழாத் தொங்குமே வெள்ளைப் பூ, அந்த ஜாதின்னு."

"ஊமத்தை ஜாதி," என்றார் மிஸ் தியோ. "அவர் குடிச்ச மிச்சப் பாட்டில் எங்கே?"

"சோதனைக்குக் கப்பல்ல போகுது. ரிசல்ட் வர மாசக்கணக்காகும்."

"அதுவரைக்கும் இவ?"

மெர்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். கெட்டவன் இல்லை. என்னோடு படித்தவன்தான், அக்காவிடம் கடனுக்குக் குடித்தவன்தான். அதனாலேயே அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மிஸ் தியோ அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பாட்டிலை எப்படிக் குடுத்தே?"

"எப்பவும் போலத்தான். கழுவின பழைய விஸ்கி பாட்டில். புனல் வெச்சு ஊத்தி, தக்கை அடிச்சு, பழுப்புக் காகிதப் பைல போட்டு."

"எல்லாருக்கும் அதே பாட்டில், அதே பை?"

"வேற என்ன, ராஜாவுக்குத் தனியா தங்கத்துலயா வெச்சிருக்கேன்?"

* * *

ஆஸ்பத்திரி வராந்தாவில் கனடாக்காரரின் மனைவி மோய்ரா நின்றுகொண்டிருந்தார். தூக்கமில்லாத முகம். அக்காவின் தம்பி என்று தெரிந்தால் என்னைக் கடித்துவிடுவார் என்று நினைத்து நான் மிஸ் தியோவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் உயரத்துக்கு அது முடிகிற காரியமில்லை.

"நேத்து சாயங்காலம் நடந்ததைச் சொல்லுங்கம்மா," என்றார் மிஸ் தியோ.

"என்னத்தைச் சொல்ல? வந்த நாள்லேருந்து அவருக்கு ஒரே பைத்தியம். உங்க ஊர் ரம்ல ஐஸ் போட்டா முங்கிடுமாமே. அதைப் படம் எடுத்து எங்க பையனுக்கு அனுப்பணும்னு சின்னப்புள்ளை மாதிரி குதிச்சார். அதுக்காகத்தான் அந்தப் பாழாப்போன பாட்டிலை வாங்கினதே."

"முங்கிச்சா?"

"எங்க முங்கிச்சு? ஊர்க்காரங்க நம்மளை நல்லா ஏமாத்திட்டாங்கன்னு சிரிச்சார். எல்லாரும் பயமுறுத்தின அளவுக்குக் காரமும் இல்லைன்னார். இதோ பாருங்க."

போனை நீட்டினார். படத்தில் கனடாக்காரர் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கியிருந்தார். பின்னால் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. கிளாஸின் மேல்மட்டத்தில் இரண்டு ஐஸ்கட்டிகள் ஜம்மென்று மிதந்தன.

"சோடா, தண்ணி, ஜூஸ் ஏதாவது கலந்தாரா?"

"ஒரு சொட்டுக்கூட இல்லை. கலந்தா வித்தை பலிக்காதுன்னு அவருக்கே தெரியும்."

நான் ஒளிந்திருந்ததை மறந்து முன்னால் வந்துவிட்டேன். "மிஸ் தியோ! எங்கக்கா ஜாக்ல ஐஸ் மிதந்தா, நான் பஸ்ஸை வித்துட்டுப் பாதிரியாராப் போயிடறேன்!"

"மிதக்காதா?" என்றார் மோய்ரா.

"கல்லு மாதிரி அடிக்குப் போகும்மா, அவ்வளவு வீரியம். பாதித் தண்ணி சேர்த்தாத்தான் மிதக்கும்."

உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. கனடாக்காரர் யாரையோ 'விளக்கைப் போடு, விளக்கைப் போடு' என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே வெயிலில் கண் கூசியது. மோய்ரா பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார்.

* * *

படியிறங்கும்போது நான் குதித்துக்கொண்டு வந்தேன். "முடிஞ்சுது! மெர்வின்கிட்ட படத்தைக் காட்டுவோம், அக்காவைக் கூட்டிட்டுப் போவோம்."

"காட்டினா மெர்வின் என்ன சொல்லுவான்? இஸ்மே தண்ணி கலந்து வித்தாள்னு சொல்லுவான். அக்கா திருடின்னும் பேர் வாங்குவா."

குதிப்பதை நிறுத்தினேன்.

"யோசிடா. செடியைக் கொதிக்க வெச்ச தண்ணியை யாரோ பாதிப் பாட்டில் ஊத்தியிருக்கான். அதான் ஐஸ் மிதந்திருக்கு. இப்போ நீ ஒருத்தனை இப்படிக் கொல்லப்போறேன்னு வெச்சுக்கோ. நீ இந்த ஊர்க்காரன். முதல்ல எதுக்குப் பயப்படுவே?"

"போலீசுக்கு."

"மெர்வினுக்கா?"

யோசித்தேன். "...ஐஸுக்கு. ஐஸ் மிதந்தா எவனும் வாயில வைக்கமாட்டான். எங்க ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்போ அவன் இதைத் தயார் பண்ணினது ஐஸே போடாத ஒரு கிளாசுக்கு. கேரியக்கூவுல ஐஸ் இல்லாம ஜாக் குடிக்கிற இடம் எது?"

இடம் ஒன்றுதான்.

"கல்லு வைக்கிற வீடு."

செத்தவருக்குக் கல் நாட்டும் விருந்தில் ஐஸுக்கு இடமில்லை. குடும்பத்துப் பெரியவர் முதலில் பாட்டிலைச் சாய்த்து மண்ணுக்கு ஊற்றுவார். அது செத்தவர்களின் பங்கு. பிறகு அதே பாட்டிலிலிருந்து முதல் கிளாஸை ஊற்ற, உரியவர் ஒரே மூச்சில் விழுங்க வேண்டும். ருசி பார்க்க நேரமில்லை, மறுக்கவும் கூடாது.

"இன்னிக்கு எந்த வீட்ல கல்லு வைக்கிறாங்க?" மிஸ் தியோ கேட்டார்.

"காம்ப்டன் வீட்ல. படகு கட்டுற அகஸ்டின் பெரியவர் இருக்காரே, அவங்கப்பாவுக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். "ஐயையோ. மிஸ் தியோ. பை!"

"என்ன பை?"

"நேத்து அந்தக் கனடாக்காரர் அக்கா கடை வாசல்ல என் பஸ்லதான் ஏறினார். கையில பழுப்புப் பை. கியருக்குப் பக்கத்துல வெச்சார். ரெண்டு வளைவு தாண்டினதும் பெரியவரோட தம்பி மகன் நார்லன் காம்ப்டன் கையைக் காட்டினான். அவனும் ஒரு பழுப்புப் பையைக் குடுத்து, 'எங்க வீட்ல சேர்த்துடு, நாளைக்கு விசேஷத்துக்கு'ன்னான். அதையும் அங்கேயே வெச்சேன்."

பஸ்காரனிடம் பொருள் கொடுத்து அனுப்பாதவர்கள் எங்கள் தீவில் கிடையாது. கோழி, மாத்திரை, காதல் கடிதம், ஒரு தடவை பல்செட்கூட ஏற்றியிருக்கிறேன்.

"விடுதி வந்ததும் கனடாக்காரர் ஒரு பையை எடுத்துட்டு இறங்கினார். இன்னொண்ணை நான் காம்ப்டன் வீட்டுச் சமையல்கட்டுல குடுத்தேன்."

"அவர் எடுத்தது எதை?"

"கைக்கு எட்டினதை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நார்லன் கொடுத்த பை கனடாக்காரரிடம் போயிருக்கிறது. அக்கா கொடுத்த நல்ல பாட்டில் விருந்து வீட்டுக்குப் போயிருக்கிறது.

"அப்போ விருந்து வீட்ல யாருக்கும் ஆபத்தில்ல!" என்றேன்.

"விடிஞ்சதிலேருந்து ஊரே கனடாக்காரரைப் பத்திப் பேசுது. தன்னோட பாட்டில் வழி தவறிப்போச்சுன்னு கொலைகாரனுக்குப் புரியாமலா இருக்கும்? இன்னொண்ணு தயார் பண்ண ஒரு காலைப்பொழுது போதாதா?"

"இவ்வளவு ரகளை ஆனப்புறமுமா?"

"ரகளை ஆனதாலதான்டா. இப்போ ஜாக் குடிச்சு யார் செத்தாலும் பழி யார் தலையில விழும்?"

துணிப்பையோடு படியில் உட்கார்ந்திருந்த அக்கா என் கண்ணுக்குள் வந்தாள். அவள் தலையில் இரண்டாவது பிணத்தையும் ஏற்ற எவனோ ஒருவன் அமைதியாக அடுப்பு மூட்டியிருக்கிறான். எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது.

"வண்டியை எடு," என்ற மிஸ் தியோ, உடனே "இரு" என்று திரும்பி உள்ளே போனார். ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தார். குலுக்கினால் கலகலவென்றது.

"ஐஸ் எதுக்கு?"

"வெயில் அடிக்குதுல்ல."

* * *

வழியெல்லாம் நான் ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் பஸ் இருமியது.

"நார்லன்தான்," என்றேன். "அமெரிக்காவுல புரூக்ளின்லேருந்து வந்து இறங்கின நாள்லேருந்து அவனுக்குக் கடலோர நிலத்து மேலதான் கண்ணு. ஏதோ ஹோட்டல்காரன் கேட்கிறானாம். திங்கக்கிழமை கையெழுத்தாம். அகஸ்டின் பெரியவர் 'எங்கப்பா படுத்திருக்கிற மண்ணு, தரமாட்டேன்'னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். பெரியவர் போயிட்டா வழி சுத்தம்."

"ஊர்ப் பேச்சா?"

"என் பஸ்ல ஏறாத ஊர்ப் பேச்சு உண்டா?"

"உன் பஸ்ல பை மாறிப்போனதுகூட உனக்குத் தெரியலை," என்றார் மிஸ் தியோ. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

காம்ப்டன் வீட்டுக் கொல்லையில் கூட்டம் நிறைந்திருந்தது. பெரிய சட்டிகளில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. மூன்று மேளக்காரர்கள் தோல் சூடேற மேளங்களை வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். கடலைப் பார்த்த மேட்டில், புதைத்த இடத்தின் தலைமாட்டில், புதுக்கல் வெள்ளைத் துணி போர்த்தி நின்றது.

கல்லுக்குப் பக்கத்தில் அகஸ்டின் பெரியவர். கறுப்புக் கோட்டு, வெறுங்கால். உளி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். அவருக்கு எதிரே நார்லன், புரூக்ளின் ஷூவில் மண் படாமல் இருக்க ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தான்.

"முதல் கிளாஸ் யாருக்கு?" மிஸ் தியோ என் காதில் கேட்டார்.

"கல்லு வாங்கினவருக்கு. பெரியவர்தான் வாங்கியிருப்பார். நார்லன் பாட்டிலைத் தொட்டா நான் மேல பாயறேன்."

"நான் சொல்லாம பாயாதே. பேசாம பாட்டிலைப் பாரு. எந்தக் கை எந்தப் பாட்டிலைத் தொடுதுன்னு மட்டும் பாரு."

மேளம் எழுந்தது. வயதான பெண் ஒருத்தி பாட்டை எடுத்துக்கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடியது. கல்மேல் இருந்த துணியை நார்லன் இழுத்தான். பளபளவென்று கறுப்புக் கல். பெண்கள் 'ஆஹா' என்றார்கள். மேளம் சட்டென்று நின்றது.

ஒருத்தன் பின்னாலிருந்து குரல் விட்டான். "பெரியவரே, இது இஸ்மே கடைச் சரக்கா? கண்ணு போயிடப்போகுது!"

கூட்டம் சிரித்தது. அகஸ்டின் பெரியவரும் லேசாகச் சிரித்தார். "நம்ம ஜாக்கைக் குடிக்க நம்ம வயிறு வேணும். வெளியூர்க்காரனுக்கு ஆகாதுன்னா அதுக்கு ஜாக் என்ன பண்ணும்?"

அவர் குனிந்து, கல்லின் இடது பக்கம் இருந்த பாட்டிலை எடுத்தார். தக்கையைப் பல்லால் கடித்துத் துப்பினார். மண்ணில் மெதுவாகச் சாய்த்தார். "அப்பா. அம்மா. தம்பி எலியா. வந்து வாங்கிக்குங்க." மண் இழுத்துக்கொண்டது. பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு கோட்டை ஒதுக்கிக்கொண்டு, கல்லின் மறைவிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்து ஒரு கிளாஸை நிரப்பினார்.

மிஸ் தியோவின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன.

"கல்லு வாங்கினது நான் இல்லை," என்றார் பெரியவர், கூட்டத்தைப் பார்த்து. குரல் கணீரென்று இருந்தது. "என் தம்பி மகன். எங்கப்பாவுக்கு அவன் செஞ்சதுக்கு, அவனுக்குத்தான் முதல் கிளாஸ். வாங்கிக்கோ மகனே. ஒரே மூச்சுல."

நார்லன் கையில் கிளாஸ். எனக்கு மூளை நின்றுவிட்டது. நான் யார்மேல் பாயத் தயாராக இருந்தேனோ அவன் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

மிஸ் தியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். ஃபிளாஸ்க்கைத் திறந்தார். நார்லனின் கிளாசுக்குள் ஒரு ஐஸ்கட்டியைப் போட்டார்.

ஊரே கத்தியது.

"ஏய், என்ன காரியம் பண்றே!"

"செத்தவங்க கிளாசுல ஐஸா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா தியோடோரா?"

பாட்டெடுத்த பெண் மண்ணை வாரித் தூற்றினாள். எவனோ என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அவர்கள் கிளாஸைப் பார்த்துவிட்டார்கள். அமைதி பின்வரிசைக்கும் பரவியது. கடைசியில் சட்டி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐஸ்கட்டி மிதந்துகொண்டிருந்தது.

"இஸ்மே தண்ணி கலந்துட்டாளா?" என்றான் நார்லன், ஒன்றும் விளங்காமல்.

மிஸ் தியோ மண்ணுக்கு ஊற்றிய பாட்டிலை எடுத்தார். ஃபிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றி, இன்னொரு கட்டியைப் போட்டார். அது நேராக அடிக்குப் போய் 'டிக்' என்றது.

"இதுதான் இஸ்மே குடுத்தது. கனடாக்காரர் காசு குடுத்து வாங்கினது. பஸ்ல பை மாறி இங்கே வந்துடுச்சு. இதுக்குப் பதிலா இங்கே வர வேண்டியது அவர் கைக்குப் போயிடுச்சு." திரும்பினார். "நார்லன், நேத்து அந்தப் பை உனக்கு எப்படி வந்தது?"

"பெரியப்பா குடுத்தார். முந்தாநாள் இஸ்மேகிட்ட நான்தான் வாங்கினேன். அவர் வெச்சிருந்து, நேத்து குடுத்து, பஸ்ல ஏத்திவிடுன்னார்."

அகஸ்டின் பெரியவர் கல்லின் மேல் ஒரு கையை ஊன்றி நின்றார்.

"நிறைய சரக்கு இருக்கிற பாட்டில் கையில இருக்கும்போது இன்னொண்ணை எதுக்கு எடுத்தீங்க ஐயா?" மிஸ் தியோ மரியாதையாகவே கேட்டார். "மண்ணுக்கும் முதல் கிளாசுக்கும் ஒரே பாட்டில்தானே வழக்கம்?"

"வயசாச்சு. கவனிக்கலை."

"சரி. ஒண்ணும் தப்பில்ல. இந்தாங்க." கல்லின் மறைவில் இருந்த பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தார். "இதிலேருந்து உங்கப்பாவுக்கு ஒரு சொட்டு ஊத்துங்க. நான் ஊர் முன்னால மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

பெரியவர் பாட்டிலை வாங்கினார். குனிந்தார். பாட்டில் சாயத் தொடங்கியது. கழுத்துவரை வந்த சரக்கு அங்கேயே நின்றது. அந்தக் கை ஆயுள் முழுக்கப் படகுக்கு மரம் இழைத்த கை, ஒருநாளும் நடுங்கிப் பார்த்ததில்லை. இப்போது பாட்டில் கல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை.

அவர் பாட்டிலை நிமிர்த்தி, மண்ணில் படாமல் ஜாக்கிரதையாக ஒரு கல்லின் மேல் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்கு எப்படிடா ஊத்துவேன்?" என்றார், யாரிடமோ.

"பெரியப்பா..." நார்லன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தூர எறிந்தான். "நானா? என்னையா?"

"எங்கப்பா நெஞ்சு மேல நீச்சல்குளம் வெட்டப்போற. எவனோ காலை நனைச்சுக்கிட்டு உக்காருவான். கல்லு வாங்கினியாமே, கல்லு! தோண்டி எடுக்கப்போற குழிக்கு எதுக்குடா கல்லு?"

"வேற இடத்துல மரியாதையா வெப்பாங்க பெரியப்பா. கல்லு ஒண்ணு வாங்கிக் குடுத்தா நீங்க சமாதானம் ஆயிடுவீங்கன்னு நெனச்சேன். உங்க கையெழுத்தே வேண்டாம். நிலத்தைத் தாத்தா எங்கப்பா பேர்ல எழுதி வெச்சார், அப்புறம் எனக்கு."

"உனக்கப்புறம்?" என்றார் மிஸ் தியோ.

நார்லனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. கீழே உட்கார்ந்திருந்த கிழவரையே பார்த்தான்.

நான் அவர்முன் போய் நின்றேன். வேடிக்கையாக எதுவும் வாயில் வரவில்லை. "எங்கக்கா உங்களுக்கு என்ன பண்ணினா? உங்க ஒவ்வொரு படகு இறங்கும்போதும் அவ சரக்குதானே ஊத்தினீங்க? அவளைக் கப்பல்ல ஏத்திட்டு நீங்க இங்கே கறி சாப்பிட்டிருப்பீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இஸ்மே நல்ல பொண்ணு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த நல்ல வார்த்தையைச் சொன்னதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம். அவள் நல்லவள் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

துறைமுகத்தில் கப்பலின் முதல் சங்கு ஊதியது.

* * *

மிஸ் தியோ அந்த விஷப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆடுகளையெல்லாம் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு ஓட்டினேன். கப்பல் ஏணியை எடுக்கப்போன நேரத்தில் துறைக்குள் நுழைந்தேன். மெர்வின் அக்காவின் துணிப்பையைத் தானே தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். மிஸ் தியோ பேசி முடிக்கும்வரை கேட்டான். பிறகு பையை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, "தலை நிமிரவே வெட்கமா இருக்கு இஸ்மே," என்றான்.

"பாக்கியைக் குடு, வெட்கம் போயிடும்," என்றாள் அக்கா. அப்புறம் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

கனடாக்காரர் பிழைத்துவிட்டார். பார்வையும் திரும்பியது. ஊருக்குப் புறப்படும்போது மோய்ரா கடைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பாட்டில் எதுவும் வாங்கவில்லை.

கடை திறந்த முதல் சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் வந்தார்கள். மெர்வின், மீன்காரர்கள், மேளக்காரர்கள், பாட்டெடுத்த பெண்கூட. எல்லோரும் அக்காவைப் புகழ்ந்தார்கள். 'உன்மேல ஒருநாளும் சந்தேகப்பட்டதில்ல இஸ்மே' என்று சத்தியம் செய்தார்கள். அக்கா வரிசையாகக் கிளாஸ்களை வைத்து ஊற்றிக்கொண்டே போனாள். அவள் முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது.

முதல் கிளாஸை எடுத்தவன் ஒரு ஐஸ்கட்டி கேட்டான். வழக்கமாக வெறும் ஜாக் குடிக்கிறவன்தான். பக்கத்தில் இருந்தவனும் கேட்டான். அதற்கடுத்தவனும். கடையில் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. எல்லோரும் கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கட்டி அடிக்குப் போகும்வரை பார்த்துவிட்டு, பிறகு குடித்தார்கள்.

அக்காவின் கை ஊற்றுவதை நிறுத்தவில்லை.

கடைசியில் என் முன்னால் ஒரு கிளாஸை வைத்தாள். "குடிடா. இன்னிக்கு உனக்கு இலவசம்."

நான் எடுத்தேன். என்னை அறியாமல் என் இன்னொரு கை ஐஸ் வாளிக்குப் போனது. போட்டபிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

நிமிர்ந்தேன். அக்கா என் கிளாஸைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டி முங்கியது.